அது பிரெஞ்சு வார்த்தை, மதாம்

ஜூன் 2, திங்கள்

மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. போன மாதம்தான் காயில் மாற்றிக் கொடுத்து, "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான் அந்த மெக்கானிக். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை. விக்டர் மின்துறை ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், "சாயந்திரம் பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சாயந்திரம் வகுப்பு இருப்பது கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருக்கு நினைவிருப்பதில்லை. தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து மாடிக்கு ஏற்றினேன். நோயெல் ஒன்றுகூடத் தூக்கவில்லை. ஸ்கூல் திறக்கும் நாளாம், யூனிஃபார்ம் நனைந்துவிடுமாம். பதினைந்து வயதுப் பெண்.

மொழிப் பள்ளியில் புது வகுப்பு தொடங்கியது. தொடக்க நிலை பிரெஞ்சு. முதல் நாள் எப்போதும் செய்கிற பயிற்சிதான்: பெயர் என்ன, என்ன வேலை, எங்கே குடியிருக்கிறீர்கள். முன்வரிசையில் சுகந்தி என்றொரு பெண். ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. பிரான்ஸில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைக்க இருக்கிறது, அதற்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். கரையாம்புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதும், தெருப் பெயரோடு, அம்பேத்கர் நகர் என்று முழு வாக்கியமாகச் சொன்னாள். பிழையே இல்லை.

கடைசி வரிசையில் பிரணவ் என்ற பையன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். கடற்கரைப் பக்கம் ஹோட்டல் வைத்திருப்பவரின் மகன், மேல்படிப்புக்குப் பிரான்ஸில் லியோன் போகப்போகிறவன். ஒரு பார்வை, அவ்வளவுதான். இந்த ஊரில் தெருப் பெயர் போதும், மீதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

அவனே கையைத் தூக்கி, "நீங்க எங்க மதாம் இருக்கீங்க?" என்று பிரெஞ்சில் கேட்டான். மரியாதையான பையன். மாதா கோயில் பக்கம் என்றேன். பொய் இல்லை. கோயிலிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கோர்ட்டிலிருந்து வந்த பழைய பிரெஞ்சுப் பத்திரத்தை மொழிபெயர்த்து முடித்தேன். ஒரு மாமரத்துக்காக மூன்று தலைமுறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

பள்ளி இயக்குநர் தெய்வநாயகம் சார் கூப்பிட்டார். மாதக் கடைசியில் மொழி விழா. நடைபாதையில் ஒரு பெரிய பலகை வைக்க வேண்டுமாம், "தமிழ் உலகுக்குத் தந்த சொற்கள்" என்று. தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போன சொற்களை நான் எழுதித் தர வேண்டும். அவருக்குத் தமிழ் என்றால் கண் கலங்கும். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். கட்டுமரம், மாங்காய், வெட்டிவேர், சுருட்டு, கறி. ஒன்றை விட்டுவிட்டேன். மறதி இல்லை.

ஜூன் 9, திங்கள்

பலகை வந்துவிட்டது. ஆளுயரம். சந்தன நிறத்தில் பின்னணி, ஓரத்தில் கோலம். கட்டுமரத்துக்குப் பக்கத்தில் படகுப் படம், மாங்காய்க்குப் பக்கத்தில் மாங்காய்.

நான் விட்டதை அவர் சேர்த்திருக்கிறார். "பரியா." அதன் கீழே சின்ன எழுத்தில் அது வந்த தமிழ்ச் சொல். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. பக்கத்தில் படமாக ஒரு மேளம்.

"பெல்கூர் மதாம், ரொம்ப முக்கியமான ஒண்ண விட்டுட்டீங்களே!" என்று சிரித்தார். "ஐரோப்பா முழுக்க எல்லா மொழியிலயும் இருக்கு. தமிழோட வீச்சைப் பாருங்க."

"ஆமா சார்" என்றேன்.

ஆமா சார்! என் வாயில் வேறு வார்த்தையே இல்லையா?

ஜூன் 10, செவ்வாய்

மெக்கானிக் வந்தான். பழைய காயிலைக் கையில் வைத்துக்கொண்டு, இது நான் போட்டதே இல்லை என்றான். கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. விக்டர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "மோட்டாருக்கா இவ்ளோ கோவம்?" என்று கேட்டார்.

ஜூன் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

இன்றைய பயிற்சி: வகுப்பில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம். இன்னார் வகுப்பின் பாடகி, இன்னார் வகுப்பின் சமையல்காரர் என்பது போல. எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சுகந்தி, தன் பக்கத்தில் உட்காரும் வயதானவரை வகுப்பின் ராஜா என்றாள். அவர் எழுந்து நின்று வணங்கினார்.

பிரணவ் முறை வந்தது. "சுகந்தி ஏ லா பரியா த லா க்லாஸ்."

சுகந்தி வகுப்பின் பரியா.

பின்வரிசை மூன்று பேர் சிரித்தார்கள். அது வெடித்த சிரிப்பு இல்லை. மூக்கால் விடுவார்களே, அந்தச் சிரிப்பு. மற்றவர்களில் பாதிப்பேருக்குப் புரியவில்லை. புரிந்த பாதிப்பேர் நோட்டைப் பார்த்தார்கள். சுகந்தி திரும்பி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உச்சரிப்பைத் திருத்தினேன். "பரியா" என்பதில் வரும் "ர" நாக்கு நுனியில் வரக்கூடாது, தொண்டையில் வர வேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். அவனும் சமர்த்தாகத் திருப்பிச் சொன்னான். அந்தச் சொல்லை அவன் வாயால் இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். இந்த முறை சரியாகச் சொன்னான்.

பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பழக்கம் முந்திக்கொண்டது என்று சொல்லலாம். சொல்லலாம், ஆனால் அது இல்லை.

சுகந்திதான் கேட்டாள். "அதுக்கு என்னா அர்த்தம்?"

பிரணவ் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். "அது பிரெஞ்சு வார்த்தை, மதாம். நம்ம போர்டுலயே இருக்கே."

மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. இன்றைய வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். விக்டரும் நோயெலும் போனபிறகு அகராதிகளை எல்லாம் எடுத்துக் கூடத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாததைத் தேடவில்லை. கோபத்துக்குக் கை வேலை வேண்டியிருந்தது.

பழைய தமிழில் பறை என்றால் சொல். பேச்சு. பேசு என்றும் பொருள். சொன்னதை ஊருக்குச் சொன்ன கருவிக்கும் அதுவே பெயர். மலையாளத்தில் இன்றைக்கும் எல்லா சாதிக்காரர்களும், நம்பூதிரியும் நாயரும் பாதிரியாரும், வாயைத் திறந்தால் பறைகிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் போனை எடுத்தால் "என்ன பறையிறாய்?" என்பார். யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. அதே வேரிலிருந்து ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைத்தபோது மட்டும் கூசியது. பேச்சு எல்லோருக்கும், அசிங்கம் அவர்களுக்கு.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். அவர்களுக்கு யாரோ கையை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். "அவனா? அவன்…" என்று ஒரு உதட்டுச் சுழிப்போடு சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொண்டது சொல்லை மட்டுமல்ல, அந்தச் சுழிப்பையும்தான். அது கப்பலேறிப் போர்த்துகல் போனது, பிரான்ஸ் போனது, ஜெர்மனி போனது. இங்கிலாந்தில் ஒரு "ஹ" ஒட்டிக்கொண்டது. அங்கே தெருநாய்க்கு அந்தப் பெயர். குப்பையில் இறங்கும் பருந்துக்கு அந்தப் பெயர். உலக நாடுகள் சேர்த்துக்கொள்ளாத அரசாங்கத்துக்கு அந்தப் பெயர். சிங்களத்தில் தமிழரை ஏசும்போது முன்னால் "பற" என்று சேர்ப்பார்கள். அதன் வேர் வேறு என்று சொல்கிற பண்டிதர்கள் உண்டு. அடி விழும்போது வேரை யார் பார்த்தார்கள்? மலாயில் இதே மாதிரி ஒலிக்கும் ஒரு சொல்லுக்குப் பாகற்காய் என்று அர்த்தம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு காயாவது தப்பித்தது.

எங்கள் குடும்பப் பெயரையும் இங்கே எழுதிவிடலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில், உன் சாதி வழக்கமெல்லாம் எனக்கு வேண்டாம், உன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா அப்படி எழுதிக் கொடுத்து பெல்கூர் ஆனார். அழகான முற்றம் என்று பொருள். அவருக்கு முற்றம் இருந்திருக்காது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கக் கொடுத்த கெடுவை என் தாத்தா விட்டுவிட்டார். அதனால் பெயர் பிரெஞ்சு, பாஸ்போர்ட் இந்தியா.

கொள்ளுத்தாத்தாவின் அப்பா எதை உதறிவிட்டுப் பிரெஞ்சுக்குள் ஓடினாரோ, அது அவருக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் நோயெல் பட்டிமன்றத்துக்கு ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தாள். ஏதோ ஒரு நாடு மற்ற நாடுகளின் நடுவே அப்படி ஆகிவிட்டது என்று ஒரு வரி. அந்தச் சொல்லை நன்றாக அழுத்திச் சொன்னாள்.

"வேற வார்த்தை போடு" என்றேன்.

"ஏம்மா? இது பவர்ஃபுல்லா இருக்கு. நம்ம தமிழ் வார்த்தைதானாம், மிஸ் சொன்னாங்க. செம இல்ல?"

"வேற போடுன்னு சொன்னேன்ல!"

பேப்பரைப் பிடுங்கிக் கிழித்துவிட்டேன். குழந்தை பயந்துவிட்டாள். விக்டர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. மறுபடி அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே சுகந்தி வந்து வாசலில் நின்றாள்.

"மதாம், போர்டைப் படிச்சேன்."

"உள்ள வா, உக்காரு."

"இல்ல, நிக்கிறேன். அவன் என்னைச் சொன்னது அதானே?"

"பிரெஞ்சுல அது வந்து… ஒதுக்கப்பட்டவங்கன்னு பொதுவா ஒரு அர்த்தம். யாருக்கு வேணாலும் சொல்லுவாங்க. எழுத்தாளர்களக்கூட…"

"அவன் என்னைச் சொன்னது அதானே, மதாம்?"

குரல் உயரவில்லை. நான் பையில் எதையோ தேடினேன். சாவி, கண்ணாடிக் கூடு, ஏதோ ஒன்று.

"டைரக்டர்ட்ட எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள். "அவன் சொன்னத நீங்களும் கேட்டீங்கன்னு உங்க பேரையும் போட்டிருக்கேன். போட்டதுக்குக் கோவிச்சுக்காதீங்க. அங்க இருந்ததுல நீங்கதான் பெரியவங்க."

வகுப்பில் உட்காரவில்லை. போய்விட்டாள். பிரணவ் வந்தான். "பொன்ஸ்வார், மதாம்" என்று மாலை வணக்கம் சொன்னான், தொண்டையிலிருந்து.

ஜூன் 18, புதன்

தெய்வநாயகம் சார் அறையில் ஏசி அதிகம். எனக்குக் காபி வரவழைத்தார்.

"அந்தப் பொண்ணு சின்ன விஷயத்த ரொம்பப் பெருசாக்கிட்டா. நீங்க மொழி தெரிஞ்சவங்க, உங்ககிட்ட நான் சொல்லணுமா? ஒரு சொல் கடல் தாண்டிப் போயிட்டா பழைய அழுக்கெல்லாம் கழுவிட்டுத்தான் திரும்பி வருது. இன்னிக்கு அது ஒரு சர்வதேசச் சொல்."

"அவன் அதைச் சர்வதேசமாச் சொல்லல சார்."

"பையன் பாவம், விளையாட்டுத்தனம். போர்டுல பாத்த புதுச் சொல்லப் பயன்படுத்திப் பாத்திருக்கான். நாமதானே அப்படிச் செய்யச் சொல்றோம்?" காபியை என் பக்கம் நகர்த்தினார். "மொழிப் பயிற்சியின்போது பாடத்தில் உள்ள சொல்லே பயன்படுத்தப்பட்டதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. முடிஞ்சுது. விழாவுக்கு அவங்க அப்பாதான் சாப்பாடு போடறாரு, அதுக்காகச் சொல்லல. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு, மதாம். நீங்கள்லாம் பரம்பரையா பிரெஞ்சு மரபுல வந்தவங்க. இந்தச் சாதிச் சாக்கடையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

அந்தக் காபியை அவர் முகத்தில் ஊற்றியிருக்கலாம். குடித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 21, சனி

விக்டரிடம் சொன்னேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சட்டையை உதறி, கிளிப் போட்டு, அடுத்ததை எடுத்து, அதையும் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நாலு வரிதானே. எழுதிக் குடுத்துடு."

"எப்படிங்க?"

"எப்படின்னா? இத்தன வருஷமா எப்படி இருந்தோமோ அப்படி. ஆபீஸ்ல என்னைக் கிரியோல்னு, வெள்ளக்காரக் கலப்புன்னு நெனச்சிட்டிருக்கானுங்க. நோயெல் ஸ்கூல்ல ஆங்கிலோ இந்தியன்னு நெனச்சிட்டிருக்காங்க. நாம யார்ட்டயும் போயி அப்படிச் சொல்லல. அவங்களா நெனச்சிக்கிறாங்க. நெனச்சிட்டுப் போகட்டுமே, ஆக்னஸ். நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு…"

"அந்தப் பொண்ணு ரெண்டு பஸ் மாறி வருது."

"நாமளும் ஒரு காலத்துல நடந்துதான் வந்தோம். இப்பதான் கொஞ்சம் உக்காந்திருக்கோம்."

அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு அதைப் பார்த்தும் கோபம்தான் வந்தது. பாதித் துணியை அப்படியே விட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் பூசைக்குப் போகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காவல் நிலையத்திலிருந்து போன். துணை ஆய்வாளர் கலியமூர்த்தி. சுகந்தி புகார் கொடுத்திருக்கிறாள். எனக்கு அவரைத் தெரியும். பழைய பிரெஞ்சுப் பத்திர வழக்கொன்றில் மொழிபெயர்ப்புக்காக ஒருமுறை வந்திருக்கிறார்.

"மேடம், எனக்கே குழப்பமா இருக்கு. சாதிப் பேரச் சொல்லித் திட்டுனா கேஸ் போடலாம். இவன் பிரெஞ்சுல திட்டிருக்கான்னு சொல்றாங்க. பிரெஞ்சுல திட்டுனா எந்த செக்‌ஷன்ல போடறது? அந்தப் பையன் வக்கீல், அது வெறும் டிக்‌ஷனரி வார்த்தைன்னு பேப்பரெல்லாம் குடுத்திருக்காரு. நீங்க நேர்ல கேட்டவங்க. வந்து, என்ன சொன்னான், அதுக்குத் தமிழ்ல என்ன அர்த்தம்னு எழுதிக் குடுங்க. உங்க எழுத்துலதான் இருக்கு."

தெய்வநாயகம் சாரும் மாலையில் போன் செய்தார். அகராதிப் பொருளை மட்டும் எழுதினால் போதும் என்றார். "அதானே மொழிபெயர்ப்பாளரோட தர்மம்?"

ஜூன் 26, வியாழன்

நிலையத்தில் மின்விசிறி ஒன்று மட்டும் சுற்றியது. சுகந்தியும் அவள் அண்ணனும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி என்னைப் பார்த்ததும் எழவில்லை. சரிதான் என்று பட்டது.

கலியமூர்த்தி வெள்ளைத் தாள் கொடுத்தார். தேதி, இடம், நான் யார், என்ன பயிற்சி என்று எழுதினேன். பிரணவ் சொன்ன வாக்கியத்தைப் பிரெஞ்சில் எழுதினேன். அதன் கீழே "தமிழில்" என்று எழுதிப் புள்ளி வைத்துவிட்டு நிறுத்தினேன்.

வகுப்பின் ஒதுக்கப்பட்டவள். அப்படி எழுதினால் அகராதி என் பக்கம். ஒருவராலும் தப்பு சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்கலாம். பேனா அந்த "ஒ"வைப் போடத்தான் தாளில் இறங்கியது.

பிறகு எழுதினேன்: "சுகந்தி இந்த வகுப்பின் பறைச்சி."

முப்பது வருடமாக என் கை எழுதாத சொல், வாய் சொல்லாத சொல். இந்த நோட்டில்கூட இன்றுதான். எழுத்து கோணலாக வந்தது.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மேடம், டிக்‌ஷனரில இப்படியா இருக்கு?"

"டிக்‌ஷனரில ஒதுக்கப்பட்டவங்கன்னு இருக்கும். அந்தப் பையன் டிக்‌ஷனரிலேருந்து பேசல சார். அந்தப் பொண்ணு தெருப் பேரச் சொன்ன அன்னிக்கு அவன் முகத்தைப் பாத்தேன். அந்த முகத்துலேருந்து பேசினான்."

"இல்ல, யாரோடயும் சேராம தனியா இருக்கிறவங்கன்னு சொல்லிருக்கலாம்ல? வக்கீல் கேப்பாரு."

"முதல் வரிசைல உக்காந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ற பொண்ணு சார் அது. எல்லார்ட்டயும் பேசும். தனியா இருக்கிறது பின்வரிசைதான்."

"சரி மேடம். இவ்ளோ நிச்சயமா எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டா?"

"நானும் அதே சாதி சார். அதைச் சொல்லும்போது எப்படிச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் நிறுத்திவிட்டுப் பார்த்தார். கலியமூர்த்தி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"பெல்கூர்னு… நான் பிரெஞ்சுக்காரங்கன்னுல்ல நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. நெனைக்கட்டும்னுதான் இருந்தோம்."

"அப்ப உங்க முன்னாடி சொன்னதுக்கு உங்களையும் பாதிக்கப்பட்டவங்களா சேத்துக்கலாமா?"

"நாங்க வேதக்காரங்க. சட்டப்படி எங்களுக்கு அந்தச் சாதி கிடையாது."

அவர் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். "அப்ப உங்களை யாராவது அப்படித் திட்டுனா?"

"குத்தம் ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி ஞானஸ்நானம் வாங்கினோம், சாதி போய்விட்டது என்று அரசாங்கம் நம்புகிறது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பிணங்களைத் தனியாகப் பிரித்து நடுவே சுவர் எழுப்பினவர்கள்கூட அதை நம்பியதில்லை.

கையெழுத்துப் போட்டேன். எல்லாப் பக்கத்திலும்.

வெளியே வேப்பமரத்தடியில் சுகந்தி வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதை எப்படி மறுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"அன்னிக்கு கிளாஸ்லயே உங்களுக்குத் தெரியுமா மதாம்?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் அவனுக்கு எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தீங்க."

கீழே கிடந்த வேப்பம்பழம் ஒன்றைச் செருப்பு நுனியால் தள்ளினேன்.

"அவன் சொன்னது எனக்குப் புதுசில்ல. பஸ்ஸுல கேட்டிருக்கேன், பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் ரெண்டு வாரமா தூங்க விடல. இப்ப நீங்களும் எங்க ஆளுன்னு தெரிஞ்சு இன்னும் ஜாஸ்தியாத்தான் வலிக்குது." அண்ணன் அவள் கையைத் தொட்டார். அவள் உதறினாள். "எழுதிக் குடுத்தீங்க, அது வேற. அதுக்கு வேணா நன்றி. அன்னிக்கு செஞ்சத இது சரிக்கட்டாது."

பஸ் வந்துவிட்டது என்று ஓடினார்கள்.

ஜூன் 30, திங்கள்

வழக்குப் பதிவாகிவிட்டது. பிரணவ் ஊரில் இல்லை, சென்னையில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறான் என்கிறார்கள். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: நிர்வாகக் காரணங்களால் மாலை வகுப்புகள் வேறு ஆசிரியருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. கீழே கைகூப்பும் படம். தெய்வநாயகம் சார் போனில்கூடப் பேசவில்லை. விழா நன்றாக நடந்ததாகப் பேப்பரில் படித்தேன்.

விக்டர் நாலு நாளாக என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "உப்பு" என்கிறார், "சாவி" என்கிறார். இன்று காலை கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "ஆபீஸ்ல கேட்டானுங்க" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். யார் மீது என்று தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

சுகந்தி வேறு ஒருவரிடம் தனியாகப் பிரெஞ்சு படிக்கிறாள் என்று கேள்வி. அவள் போன் நம்பரை வாங்கி, என்ன உதவி வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை. வராது.

ஜூலை 6, ஞாயிறு

நோயெலிடம் சொல்லிவிட்டேன்.

வழக்கு விவரம் நாளைக்கு உள்ளூர்ப் பேப்பரில் வரும் என்று கலியமூர்த்தி போன் செய்தார். வேறு யார் வாயிலிருந்தோ அவள் கேட்பதற்கு முன் என் வாயிலிருந்து கேட்கட்டும். கட்டிலில் அவள் எதிரே உட்கார்ந்து, கிழித்த பேப்பருக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒளிக்காமல் சொன்னேன். அந்தச் சொல்லை, அது எங்கெங்கோ சுற்றி வந்ததை, கடைசியில் நம்மை.

ரொம்ப நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைந்திருந்தது.

"அப்பாவும்?"

"அப்பாவும்தான்."

"அப்ப நானு?"

"நீயும்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஸ்கூல்ல யாருக்காவது தெரியுமாம்மா?"

எனக்குப் பதின்மூன்று வயதில் அம்மா சொன்னபோது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். யாருக்கும் தெரியாது, பயப்படாதே என்று அம்மா தலையைத் தடவினாள். அந்தத் தடவலை நம்பித்தான் இத்தனை வருடம் ஓடியது. இப்போது என் பெண் அதற்காகவே தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் மீது இல்லை. அம்மா மீதும் இல்லை. ஒரு குழந்தைக்கு வரும் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்படி ஊரை ஆக்கி வைத்திருக்கிறவர்கள் மீது, அதற்குப் பலகை வைத்துக் கோலம் போடுகிறவர்கள் மீது.

"நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றேன்.

எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்து என்று நான் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"நாளைக்கு நீ என்கூட ஸ்கூலுக்கு வரியா?"

"எதுக்குடி?"

"யாராவது கேட்டா, முதல்ல நீ சொல்லு. எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்கறேன். அப்புறம் நானே சொல்லிப்பேன்."

வருகிறேன் என்றேன். நீலப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.